முன்னூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் வாய்

தணிகாசலத்துக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நான், உன் நைனா, உன் சின்னம்மா வீட்டார் எல்லோரும் சௌக்கியம். எனக்கு மேல் வரிசையில் எட்டுப் பல் இல்லை. அது இல்லாமலும் சௌக்கியம்தான். நீ பெங்களூரிலிருந்து போட்ட கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதலில் படித்தபோது அழுகை வந்தது. அழுதுகொண்டே நீ சொன்னபடி அம்பத்தூருக்கும் போனேன். அங்கே போய்த் திரும்பிய பிறகு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அது இறங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் சோற்றை வடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து இது. கோணல்மாணலாக இருந்தாலும் ஒரு வரி விடாமல் படி.

நீ என்ன எழுதினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் அம்பத்தூரில் கடை போட்டிருக்கும் பட்டாளத்துப் பல் டாக்டரிடம் போய்ப் பல் செட்டு கட்டிக்கொள் என்றாய். உனக்கு மாமனாராக வரப்போகிறவர் பூந்தமல்லியில் பெரிய ஆபீசில் குமாஸ்தாவாம். சம்பந்தியம்மா வாய் போட்டோவில் நன்றாக விழாதே என்று அவர் கவலைப்பட்டாராம். புகையிலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் கொட்டிவிட்டது, படிக்காத சனம், என்ன செய்வது என்று நீயும் அவரிடம் சொன்னாயாம். சொன்னதை எனக்கே எழுதவும் செய்தாய். அதோடு விட்டாயா? செட்டு கட்ட இஷ்டமில்லை என்றால் போட்டோ எடுக்கும் நேரம் மட்டும் நீ உள்ளே இரு, உன் பக்கத்தில் சின்னப்பாவும் சின்னம்மாவும் நிற்கட்டும் என்றாய். சின்னம்மாவுக்குப் பல் இருக்கிறதல்லவா, அதனால்.

நான் என் ஆயுசில் புகையிலை போட்டதில்லை, தணிகா. பதினெட்டு வருஷம் என்கூட ஒரே கூரையின் கீழ் இருந்தவன் நீ. என் இடுப்பில் ஒரு சுருக்குப்பையைப் பார்த்திருக்கிறாயா? பார்த்திருக்க மாட்டாய். பை உன் சின்னம்மா குப்பம்மா இடுப்பில்தான் இருந்தது. ஆனால் லீவில் வந்த நீ என் வாயைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றபோது, புகையிலையால் போச்சு என்று சொன்னது நான்தான். அந்தப் பொய் என்னுடையது. அதை நம்பினதுதான் உன் குற்றம். அன்றைக்கு ஏன் பொய் சொன்னேன் என்று இப்போது சொல்கிறேன். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சரக்கு டிப்போவில் எங்களையெல்லாம் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

பட்டாபிராமுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நடவு நட்ட கழனிகள்மேல் டிப்போ எழும்பியபோது, கூலிக்குப் போய்க்கொண்டிருந்த வீடுகளுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு பெண் என்று வேலை கொடுத்தார்கள். பட்டாளத்துக்குப் போகும் பருப்பையும் மாவையும் புடைத்து மூட்டை கட்டுகிற வேலை. கழுத்தில் கயிறு கட்டி ஒரு பித்தளை வில்லை. அதில் நம்பர். எனக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு. கேட்டில் நிற்கிற சிப்பாய் வில்லையைப் பார்ப்பானே தவிர முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டான். அதனால் எங்கள் தெருவில் ஒரு பழக்கம் வந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் வில்லையை மாட்டிக்கொண்டு அக்காவோ நாத்தனாரோ போய்விடுவாள். டிப்போ ஆட்களுக்குக் கிடைத்த அரிசி அந்தப் பஞ்ச காலத்தில் வேறு எங்கும் கிடைக்காது. ஒரு நாள் போகாவிட்டால் மேஸ்திரி பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துவிடுவான். சின்னப்பா ரங்கூனில் மாட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத வருஷம் அது. குப்பம்மாவும் அவள் இரண்டு பிள்ளைகளும் நம் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். ஆக, அந்த வில்லையை நம்பி இருந்தது ஆறு வயிறு. அதில் உன் வயிறும் ஒன்று.

பூந்தமல்லியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நீ கிளம்பின நாள் நினைவிருக்கிறதா? நைனாவுக்கு ரயில் பாதையில் வேலை, லீவு கிடையாது. நீ தனியாகப் போகிறேன் என்றாய். நான் விடவில்லை. வில்லையைக் கழற்றிக் குப்பம்மா கழுத்தில் மாட்டிவிட்டு உன்னோடு நடந்தேன். அங்கே உங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி ஒருத்தர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணிக்கொண்டு வந்தார். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். உன் வாய்க்குள் பார்த்துவிட்டு, "ஒரு சொத்தைகூட இல்ல, பாஸ்" என்று அவர் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்றவளிடம், எங்கள் வம்சத்துக்கே பல் கெட்டி என்று அளந்துவிட்டேன்.

நாம் திரும்பி வந்தபோது குப்பம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "யக்கா, இன்னிக்கு டிப்போவுக்கு பல் டாக்டரு வந்தாங்கோ. சாப்பாட்டு சரக்கத் தொடுறவங்க வாயி சுத்தமா இர்க்கணும்னு ஆர்டராம். என் வாயில கம்பிய வுட்டுப் பாத்து இன்னாமோ கார்டுல எழுதிகினாங்கோ" என்றாள். "இன்னா எழுதனாங்க?" என்றேன். "இங்கிலீசுல எழுதனா எனக்கு இன்னா தெரியும்? மூஞ்சியச் சுளிச்சிகினாரு, அவ்ளோதான்" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். நீ பாஸான சந்தோஷத்தில் அன்றைக்கு எதற்கும் சிரிப்புதான் வந்தது. ஒரே நாளில் பட்டாளத்துக்காரர்கள் நம் வீட்டில் இரண்டு வாயைப் பார்த்தார்கள். ஒன்றைப் பாஸ் போட்டார்கள், ஒன்றைக் கழித்துவிட்டார்கள். கழித்ததை என் நம்பரில் எழுதிவிட்டார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

நீ ரயிலேறிப் போய் ஒரு வாரம் இருக்கும். முறத்தை வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தபோது ஆர்டர்லி வந்து நம்பர்களைப் படித்தான். முன்னூற்றுப் பன்னிரண்டு என்றதும் எழுந்து போனேன். கூடாரத்துக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் ஐந்து பெண்கள். நான் கடைசி. டாக்டர் நம் தமிழ்க்காரர்தான், கேப்டன். பூட்ஸ் சத்தத்தோடு வந்து ஒவ்வொருத்தி வாயிலும் மரத்துப்போகிற ஊசியை வரிசையாகக் குத்திக்கொண்டே போனார். ஐந்து பேருக்கும் போட்டு முடித்த பிறகு முதல் ஆளிடம் திரும்பிக் குறடை எடுத்தார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊசி போட்டபோதுதான் எதற்கு என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். அப்போதே எழுந்து, ஐயா இது என் வாய்க்கு எழுதினதில்லை என்று சொல்லியிருக்கலாம். முந்தின வாரம்தான் வில்லை மாற்றினார்கள் என்று மூன்று பெண்களைக் கேட்டுக்கு வெளியே பிடித்துத் தள்ளி, அவர்கள் வீட்டில் இனி யாருக்குமே வேலை இல்லை என்று சொல்லிவிட்டிருந்தார்கள். நீ போக மீதி ஐந்து வயிறு என் கண்முன் வந்தது. வாயைத் திறந்தேன்.

என் முறை வந்தபோது மரப்பு பாதி இறங்கிவிட்டது. முன்பல்லைக் குறடு பிடித்தது. அது அசையவில்லை. அவர் ஒரு காலை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். அப்போதும் வரவில்லை. குறடை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். "நம்பர் என்ன?" என்றார். "முன்னூத்திப் பன்னெண்டு, சார்" என்று ஆர்டர்லி கார்டை நீட்டினான். கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கார்டைப் பார்த்தார். அப்புறம் குறடை உள்ளே விட்டார். அன்றைக்கு நான்கு. வேர் முழுசாக, வெள்ளை வெளேரென்று தட்டில் விழுந்தன. மீதி நான்குக்கு அடுத்த வாரம் வா என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குப்பம்மா என் வாயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, அது என் பல்லுக்கு எழுதினதுக்கா! மீதிக்கு நான் போறேன்க்கா. என் பல்லு, நான் குடுக்கறேன்" என்று அழுதாள். போக முடியுமா? முன்னூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் வாயில் இப்போது முன்னால் நான்கு பல் இல்லை. அப்படி ஒரு வாய் என்னிடம்தான் இருந்தது. அவள் போனால் பிடிபட்டுவிடுவாள். அதனால் அடுத்த வாரம் நானே போனேன். இதை நன்றாகப் புரிந்துகொள். முதல் தடவை பயத்தில் உட்கார்ந்தவள், இரண்டாம் தடவை எல்லாம் தெரிந்து என் காலால் நடந்து போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் என்னை ஏமாற்றிப் பல்லைப் பிடுங்கவில்லை. நான் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டுப் பெரிய மனசோடு இருந்தேன் என்று நினைக்காதே. ஒரு மாதம் குப்பம்மாவோடு பேசவில்லை. அவள் வெற்றிலையைக் கையில் எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழியை அவள்மேல் போட்டேன், நைனாமேல் போட்டேன், பட்டாளத்துக்குப் போயே தீருவேன் என்று நின்ற உன்மேலும் போட்டேன். மூன்று வருஷம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினேன். நீ லீவில் வந்தபோது உண்மையைச் சொன்னால் வெளியே பேச்சுவாக்கில் யாரிடமாவது உளறிவிடுவாயோ என்று பயம். பட்டாளத்துக்காரன் ஆயிற்றே, மேலதிகாரிக்கு உண்மை சொல்வதுதான் ஒழுங்கு என்று கற்றுக்கொடுத்திருப்பார்களே என்றும் பயம். புகையிலை என்றேன். நீ பெரிய மனுஷன் மாதிரி, "ஒடம்பக் கெடுத்துக்காதம்மா" என்று அரை மணி நேரம் புத்தி சொன்னாய். குப்பம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆடுகிற பல்லோடு முறுக்கைக் கடித்துக்கொண்டு, கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். கழிக்கச் சொல்லி எழுதின அந்த எட்டும் இன்றைக்கும் அவள் வாயில்தான் ஆடிக்கொண்டிருக்கின்றன.

இப்போது அம்பத்தூர் கதைக்கு வருகிறேன். ரயிலை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். வாசலில் பெரிய போர்டு. உள்ளே பெஞ்சு. வந்தவர்களுக்கெல்லாம் நம்பர் போட்ட தகர வில்லை ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் நம்பர் ஏழு. கூப்பிட்டதும் உள்ளே போனேன். அவரேதான், தணிகா. காக்கி இல்லை, வெள்ளைக் கோட்டு. மீசை நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே. "உக்காரு. வாயத் தொற. பெருசா" என்றார். விளக்கை இழுத்துவிட்டுப் பார்த்தார். ஈறை விரலால் தடவினார். "சுத்தமான வேலை. ஒரு வேர்கூட உள்ள தங்கல. யார் எடுத்தது?" என்றார்.

"நீங்கதான்யா எடுத்தீங்க" என்றேன்.

அவர் விளக்கைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். டிப்போவில், முன்னூற்றுப் பன்னிரண்டு என்றேன். "ஈறு நல்லாருக்கு. எலும்பு கெட்டியா இருக்கு. இந்த வாயில நான் ஏன் எட்டு பல்ல எடுத்தேன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டார். "கார்டுல எழுதினது என் தங்கச்சி பல்லு. நீங்க புடுங்கினது என் பல்லு. வில்லைய மாத்திகினு போனது எங்க தப்பு" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அதட்டினார். மூன்று வருஷம் முந்தானைக்குள் கிடந்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது. "நீங்க நம்பரத்தான கேட்டீங்க? எங்கம்மா வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டிருந்தா, எங்கயும் வலிக்கலன்னு சொல்லியிருப்பேனே!" என்றேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "அன்னிக்கே என் கைக்குத் தெரிஞ்சுது. நோய் புடிச்ச பல்லு அப்படிப் புடிச்சிகிட்டு நிக்காது. ஆனா கார்டுல இருந்துது" என்றார். இதுதான், தணிகா, எனக்குக் கோபத்தைக் கிளப்பினது. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தன் கைக்குத் தெரிந்ததைவிடக் கார்டில் இருந்த எழுத்தை நம்பினார். செட்டைக் காசு வாங்காமல் கட்டித் தருகிறேன், மேலே ஒன்றும் பேச வேண்டாம் என்றார். மெழுகை எடுத்து அச்சு எடுக்கத் தயாராகிவிட்டார். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது, மறைக்கமாட்டேன். சுவரில் இருந்த கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பல் வைத்தால் எப்படி இருப்பேன் என்று பார்த்தேன். அப்புறம், எனக்குப் பல் வேண்டாம், எழுத்து வேண்டும் என்றேன். எடுத்த எட்டும் நல்ல பல் என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள் என்றேன். தயங்கினார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் நின்றபடியே எழுதி, கையெழுத்துக்குக் கீழே கேப்டன் என்றும் போட்டுக் கொடுத்தார். நான் வெளியே வரும்போது எட்டாம் நம்பர் உள்ளே போனார். "எங்க வலிக்குது?" என்று கேட்ட குரல் காதில் விழுந்தது. அந்த ஆள் நேற்று ராத்திரியிலிருந்து என்று நீளமாக ஆரம்பிக்க, "எங்கன்னு மட்டும் சொல்லு!" என்று ஒரு அதட்டலும் விழுந்தது. பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா?

அந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் மாமனாருக்காக இல்லை, உனக்காகத்தான். என் வார்த்தையைவிட நீ காகிதத்தை நம்புவாய் என்று தெரியும். படித்துவிட்டுக் கிழித்துப் போடு, பெட்டியில் வை, எனக்குக் கவலையில்லை. புகையிலை என்று யாரிடம் சொன்னாயோ அவரிடம் போய், அது பொய் என்று உன் வாயால் சொல். அந்தப் பொய்யை ஆரம்பித்தவள் நான் என்றும் சேர்த்துச் சொல். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வரப்போகிற பெண்ணைப் பற்றி ஒன்று. அவளைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாக எழுதிக் கொடுப்பார்கள். நல்லவள், வாயாடி, வேலை தெரியாதவள் என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே கார்டு தயாராகிவிடும். நானே கூட ஏதாவது எழுதுவேன், மாமியார் ஆகப்போகிறேனே. எதையும் நம்பாதே. அவள் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்தால் கிட்டப் போய், எங்கே வலிக்கிறது என்று கேள். பதில் நீளமாக வந்தாலும் உட்கார்ந்து கேள். உன் நைனா என்னைக் கேட்கவில்லை. பல் போன வாரம் அவர் கேட்டதெல்லாம், "கஞ்சி குடிக்க முடிதா?" என்பதுதான். அவர் கெட்டவர் இல்லை. கேட்கத் தெரியாதவர். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்பத்தூரிலிருந்து வந்து உன் கடிதத்தைக் குப்பம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். போட்டோவுக்குச் சின்னம்மா நிற்கட்டும் என்ற இடம் வந்ததும் அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்துவிட்டாள். "இன்னாக்கா இது? மறுபடியும் உன் நம்பர்ல என்னிய போவ சொல்றானா?" என்றாள். நீ நினைத்து எழுதியிருக்க மாட்டாய். உனக்கு எதுவும் தெரியாதே. ஆனால் அவள் அப்படிக் கேட்டதும் எங்கள் இரண்டு பேருக்கும் அழுகையும் சிரிப்புமாக வந்தது.

கல்யாணத்துக்கு வருகிறேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வருகிறேன், அது இனி வாய்ப்பக்கம் வராது. பூந்தமல்லிக்காரர்கள் முன்னால் சத்தமாகப் பேசுவேன், சிரிப்பேன். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து வாயை மூடச் சொன்னால் இன்னும் அகலமாகத் திறப்பேன். சின்னம்மாவும் சின்னப்பாவும் அவர்கள் இடத்தில் நிற்கட்டும். உன் பக்கத்தில் நிற்கப்போவது நான். குப்பம்மாவை என் இடத்துக்கு ஒரே ஒரு நாள் அனுப்பினேன், அதுவும் உனக்காகத்தான். இன்னொரு நாள் அனுப்பமாட்டேன்.

உன் அம்மா